திருகோணமலை வெயிலுக்கு லீஃபா, அக்குவாவா?

2010 இல் வெளிவந்த நிசான் லீஃப் மின்காரின் 24 கிலோவாட் மணி பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது என்பதால், உப்புவெளியின் நண்பகல் வெயிலில் நாள்தோறும் நிறுத்தப்படும் பழைய காரில் அதன் கொள்ளளவு விரைவாகக் குறையும். முகப்புத் திரையில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்களில் எத்தனை எஞ்சியுள்ளன என்று எண்ணிப் பாராமல் எவரும் முற்பணம் கொடுக்கக் கூடாது. கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இடையில் மின்னேற்றாமல் அது போய்ச்சேராது. ஆயினும் ஊருக்குள் மட்டும் ஓடுபவருக்கு, நிழலான தரிப்பிடமும் இருந்தால், எஞ்சின் எண்ணெயே கேட்காத லீஃபைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பெற்றோலையும் மின்சாரத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும் ரொயோட்டா அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி பின் இருக்கைக்கு அடியில் உள்ளது. இருக்கையோரக் காற்றுத்துளையைத் தூசியும் மணலும் அடைத்தால் அதுவும் சூடேறும், ஆனால் அதைத் துப்புரவாக்குவது சிறு வேலையே. கெட்ட கலங்களை மட்டும் மாற்றித் தரும் கராஜ்களும் உண்டு. ஆனால் புதியதும் பழையதும் கலந்த தொகுதி நெடுநாள் நிலைப்பது அரிது.