வயசான அம்மாவைக் கப்பல் பயணம் கூட்டிட்டுப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க (எனக்குப் போனது 2,44,300 ரூபாய்)

ஊருக்கு வந்து ஒன்பது நாள் ஆச்சு. கோபம் அடங்கட்டும், நிதானமா எழுதலாம்னு இருந்தேன். அடங்கல. இன்னைக்குக் காலையில அந்த டிராவல்ஸ்காரருக்கு மறுபடி போன் பண்ணேன், ரெண்டாவது ரிங்ல கட் பண்ணிட்டார். அதான் ஸ்கூல்ல இருந்து வந்ததும் புடவை கூட மாத்தாம உக்காந்து எழுதறேன்.

பேர் போடல. கேஸ் போடப் போறேன், அதுவரைக்கும் பேர் வெளியில வரக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார். புதுச்சேரியில மாடியில ஏசி ரூம் போட்டு, வெளிநாட்டு டூர், குரூஸ் எல்லாம் புக் பண்ணித் தர்ற ஒரு ஏஜென்சி. அந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

முதல்ல, எதுக்குப் போனோம்னு சொல்லிடறேன். இல்லன்னா "வாத்தியாரம்மாவுக்கு எதுக்குக் கப்பல்?"னு யாராவது கேப்பீங்க. எங்களுக்குக் கடலூர். அப்பா ஓல்டு டவுன் துறைமுகத்துல வேலை பார்த்தவர். நம்ம துறைமுகத்துல பெரிய கப்பல் கரைக்கு வராது, வெளியில நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கைப் படகுல ஏத்திக்கிட்டுப் போகணும். அப்பா அப்படிப் போய்ட்டு வருவார். அம்மா டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்ததோட சரி. சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனா தூரத்துல கப்பல் விளக்கு தெரியும், "உங்கப்பா அதுல ஏறியிருக்கார், நான்தான் ஏறல"ன்னு சிரிப்பாங்க. அப்பா போய் ஆறு வருஷம். அம்மாவுக்கு இந்த வருஷம் எழுபது. நகைச் சீட்டு முடிஞ்ச பணம் கையில இருந்தது. காலாண்டு லீவுல கூட்டிட்டுப் போகலாம்னு முடிவு பண்ணேன். சிங்கப்பூர்ல ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துட்டுத் திரும்ப சிங்கப்பூர், அஞ்சு ராத்திரி.

ஜூன் மாசம் அந்த ஆபீசுக்குப் போனோம். செங்குத்தான படி, அம்மாவுக்கு முட்டி வலி. அந்த ஆள் சத்தம் கேட்டு தானே கீழே இறங்கி வந்து, அம்மா கையைப் பிடிச்சு ஒவ்வொரு படியா ஏத்திக் கூட்டிட்டுப் போனார். வாசல்ல அம்மா கழட்டிப் போட்ட செருப்பை வெயில்ல இருந்து எடுத்து நிழல்ல வச்சார். "எங்கம்மாவும் இப்படித்தான் மேடம், முட்டிதான் பிரச்சினை"ன்னார். அந்தச் செருப்பை எடுத்து வச்சதுலதான் நான் விழுந்தேன். இப்ப நினைச்சா எனக்கே எரிச்சலா இருக்கு, ஆனா உண்மை அதுதான். வேற ரெண்டு இடத்துல விலை விசாரிக்கணும்னு போனவ, காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள அட்வான்ஸ் கொடுத்துட்டேன்.

கணக்கு இது: ரெண்டு பேருக்குப் பேக்கேஜ் 1,78,000. டிசிஎஸ் (வெளிநாட்டு டூருக்கு ஏஜென்சி நம்மகிட்ட வாங்கி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரி), அப்ப 5 சதவீதம்னு 8,900. டிராவல் இன்சூரன்ஸ் ரெண்டு பேருக்கும் சேர்த்து 4,800. மொத்தம் 1,91,700. "அம்மாவுக்கு எழுபது, இன்சூரன்ஸ் கட்டாயம் வேணும், இல்லன்னா நானே டிக்கெட் போட மாட்டேன்"ன்னு சொன்னவரும் அவர்தான். அம்மா பிபி மாத்திரை சாப்பிடறாங்க, அதைச் சொல்லணுமான்னு கேட்டேன். "அதெல்லாம் எழுதாதீங்க மேடம், பிரீமியம் ஏறும், பிபி யாருக்குத்தான் இல்ல?"ன்னார். நானும் தலையாட்டினேன். இதுல என் தப்பும் இருக்கு, மறைக்கல.

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நீலக் கலர் பிளாஸ்டிக் ஃபோல்டர் ஒண்ணு கொடுத்தார். விமான டிக்கெட், விசா, கப்பல் டிக்கெட், கடைசியில இன்சூரன்ஸ் கம்பெனி லோகோ போட்ட மூணு பக்கம். எங்க பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், 50,000 டாலர் கவரேஜ், எல்லாம் சரியா இருந்தது. மூடி வச்சுட்டேன். வாரத்துக்கு நூறு நோட்டு திருத்தறவ நான். பசங்க ஒற்றெழுத்தை விட்டா சிவப்பு மையில வட்டம் போடுவேன். அந்த முதல் பக்கத்துல வலது மூலையில பொடி எழுத்துல இருந்த ஒரே ஒரு வார்த்தையைப் பார்க்கல.

கப்பல் நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அம்மா பால்கனியில நின்னு சிங்கப்பூர் விளக்கெல்லாம் தள்ளிப் போறதைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அன்னைக்கு ராத்திரியே வாந்தி ஆரம்பிச்சது. கடல் ஒத்துக்கலன்னு நினைச்சோம். மறுநாள் நாலு தடவை. சாப்பாடு எதுவும் இறங்கல, வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தாங்க, நானும் குடிங்க குடிங்கன்னு கொடுத்துக்கிட்டே இருந்தேன். வாந்தின்னு போன் பண்ணதும் கப்பல் கிளினிக்ல இருந்து வந்து, ரெண்டு பேரும் ரூமை விட்டு வெளியில வரக் கூடாதுன்னுட்டாங்க. அது அவங்க வழக்கம்தான். நோரோவைரஸ் மாதிரி வாந்திபேதி கப்பல்ல ஒருத்தருக்கு வந்தா மளமளன்னு பரவும். 2020-ல யோகோஹாமாவுல நின்ன டயமண்ட் பிரின்சஸ் கப்பல்ல 700 பேருக்கு மேல கொரோனா வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால அவங்களைக் குறை சொல்லல. ஊசி போட்டாங்க, வாந்தி நின்னது.

மூணாவது நாள் விடியக்காலை அம்மா எழுந்து கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாங்க. "பால்காரர் நிக்கறார், கேட்டைத் தொறடி"ன்னாங்க. கனவுன்னு நினைச்சு லைட்டைப் போட்டேன். என்னைச் சின்னம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. சின்னம்மா செத்து இருபது வருஷம். புடவைத் தலைப்பை ஒரு விரல்ல சுத்தி சுத்தி அவுத்துக்கிட்டே இருந்தாங்க, நிறுத்தவே இல்ல. பக்கவாதம்னே முடிவு பண்ணிட்டேன். கை காலெல்லாம் உதறுது எனக்கு.

கிளினிக்ல ரத்தம் எடுத்துப் பார்த்தா சோடியம், அதாவது ரத்தத்துல இருக்கற உப்பு, 118. 135-க்குக் கீழே போகக் கூடாதாம். அம்மா சாப்பிடற பிபி மாத்திரையில நீர் பிரிய வைக்கற மருந்தும் கலந்திருக்கு. அது வயசானவங்களுக்கு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்கும், அதோட வாந்தி, அதுக்கு மேல நான் ஊத்தின வெறும் தண்ணி, எல்லாம் சேர்ந்துதான் மூளை குழம்பியிருக்குன்னு டாக்டர் சொன்னார். இதைக் கப்பல்ல வச்சுப் பார்க்க முடியாது, பினாங்குல இறங்கியே ஆகணும்னுட்டார். இறங்கறதுக்கு முன்னாடி ரூம் கணக்கை முடிக்கணும். ரெண்டு நாள் கிளினிக் பில் மட்டும் நம்ம பணத்துல 71,000. என் கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் பண்ணி வைக்கல. கப்பல் வைஃபையில பேங்க் ஆப் திறக்கறதுக்குள்ள உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் கட்டச் சொன்னாங்க. நான் தைரியமா நீல ஃபோல்டரை எடுத்து நீட்டினேன். அங்கிருந்தே இன்சூரன்ஸ் உதவி எண்ணுக்குப் பேசினோம். அந்தப் பொண்ணு நம்பரை ரெண்டு தடவை கேட்டா. அப்புறம் மெதுவா, "மேடம், இது பாலிசி நம்பர் இல்ல. கொட்டேஷன் நம்பர். பிரீமியம் கட்டவே இல்ல, பாலிசி போடவே இல்ல"ன்னா. அப்பதான் அந்த வலது மூலையைப் பார்த்தேன். கொட்டேஷன்னு எட்டாம் சைஸ் எழுத்துல இருந்தது.

தம்பி கடலூர்ல அவன் பொண்டாட்டி வளையலைக் கூட்டுறவு வங்கியில வச்சுப் பணம் அனுப்பினான். சோடியத்தை வேகமா ஏத்தினா மூளைக்கே ஆபத்தாம், மெதுவாத்தான் ஏத்தணுமாம், அதனால மூணு ராத்திரி. அங்க ஒரு தமிழ் நர்ஸ் இருந்தாங்க, காலையில வந்ததும் "பசியாறியாச்சா அக்கா?"ன்னு கேப்பாங்க. அந்த மூணு நாள்ல என்னை யாராவது ஏதாவது கேட்டாங்கன்னா அது அவங்க மட்டும்தான்.

டிராவல்ஸ்காரர் என்ன பண்ணார்னு கேளுங்க. முதல் போன்: "ஐயோ அம்மாவுக்கா! பயப்படாதீங்க மேடம், அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்." கூப்பிடல. ராத்திரி நானே பண்ணேன்: "மீட்டிங்ல இருக்கேன்." மறுநாள் வாட்ஸ்அப்புல பில், ரிப்போர்ட் எல்லாம் அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரல. மூணாவது நாள் வேற யாரோ எடுத்து, "இன்சூரன்ஸ் பார்த்த பொண்ணு வேலையை விட்டுட்டுப் போயிடுச்சு, அந்த ஃபைலைத் தேடறோம்"ன்னாங்க.

ஊருக்கு வந்த மறுநாள் நேர்லயே போனேன். அதே படி, அதே ஏசி, இந்தத் தடவை காபி இல்ல. "கப்பல் கம்பெனிகிட்ட கேளுங்க மேடம், நடுவுல இறக்கி விட்டது அவங்கதானே?"ன்னார். இன்சூரன்ஸ் பணம் 4,800 வாங்கினீங்களேன்னு ரசீதைக் காட்டினேன். "அது சர்வீஸ் சார்ஜ்ல அட்ஜஸ்ட் ஆயிடுச்சு"ன்னார். எப்படி அட்ஜஸ்ட் ஆச்சுன்னு கேட்டா, "பாலிசி இருந்திருந்தாலும் நீங்க பிபியை மறைச்சதுக்கு கிளெய்ம் கிடைச்சிருக்காது, யோசிச்சுப் பாருங்க"ன்னார்! எழுதாதேன்னு சொன்ன வாய் அது. கடைசியில எழுந்து நின்னு, பெருந்தன்மையா, "உங்களுக்காக ஒண்ணு பண்றேன். மே மாசம் கொடைக்கானல் பேக்கேஜ்ல பத்து பர்சென்ட் குறைச்சுக்கறேன்"ன்னார். எனக்கு வந்த கோபத்துல பேச்சே வரல. இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன்.

இன்னொண்ணு. கூட வேலை பார்க்கற சாருக்கு வருமான வரி சமாச்சாரம் அத்துப்படி. டிசிஎஸ் கட்டியிருந்தா உங்க பான் நம்பர்ல 26ஏஎஸ்ல (நம்ம பேர்ல கட்டின வரியைக் காட்டற வருமான வரித்துறைக் கணக்கு) காட்டணுமே, பார்ப்போம்னு திறந்தார். ஜூன்ல என்கிட்ட வாங்கின 8,900, அக்டோபர் வந்தும் அதுல இல்ல. அரசாங்கத்துக்குன்னு வாங்கின பணமும் அங்க போய்ச் சேரல.

கப்பல் கிளினிக் 71,000. ஆஸ்பத்திரி 94,000. நான் தங்கினது, சாப்பாடு, டாக்சி 18,000. பினாங்குல இருந்து கோலாலம்பூர் வழியா சென்னைக்கு அவசர டிக்கெட் 47,600. போடாத இன்சூரன்ஸ் 4,800. கட்டாத டிசிஎஸ் 8,900. மொத்தம் 2,44,300 ரூபாய். பார்க்காத புக்கெட்டையும் வீணாப் போன சிங்கப்பூர் ரிட்டர்ன் டிக்கெட்டையும் இதுல சேர்க்கவே இல்ல. என் நாலு மாசச் சம்பளம் அந்த 2,44,300. வளையல் இன்னும் வங்கியிலதான் இருக்கு.

என்ன செய்யணும்னு விவரமா எழுதறேன்னு ஸ்கூல் குரூப்ல சொல்லியிருந்தேன். இப்ப அதுக்குத் தெம்பு இல்ல. அவசரத்துக்கு இது மட்டும்.

இன்சூரன்ஸ் பேப்பர் கையில வந்தா ஏஜென்ட் முன்னாடியே கம்பெனி நம்பருக்கு நீங்களே போன் போட்டு, பாலிசி நடப்புல இருக்கான்னு கேளுங்க. பிபி, சுகர் எதையும் மறைக்காதீங்க, பிரீமியம் ஏறினா ஏறட்டும். அம்மா அப்பா சாப்பிடற மாத்திரையில நீர் பிரியற மருந்து இருக்கான்னு டாக்டர்கிட்ட கேட்டு, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. வாந்தி எடுக்கறவங்களுக்கு என்னை மாதிரி வெறும் தண்ணியை ஊத்திக்கிட்டே இருக்காதீங்க. கார்டை வெளிநாட்டுக்கு ஆன் பண்ணி வைங்க, ஓடிபி வர ரோமிங்கும் போட்டுக்கோங்க. டிசிஎஸ் கட்டினவங்க 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்க.

ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம், நான் சொல்லிட்டேன். 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாமாம், புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். நாம கொடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமும் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிச்சிடாதீங்க.

தீபாவளிக்கோ டிசம்பர் லீவுக்கோ புக் பண்ணி, இதே மாதிரி ஃபோல்டர் வீட்டுல வச்சிருக்கறவங்க இப்பவே எழுந்து போய் அந்தக் கடைசி மூணு பக்கத்தோட வலது மூலையைப் பாருங்க. அம்மாவுக்கு இன்னைக்குச் சோடியம் டெஸ்ட், லேப் மூடறதுக்குள்ள போகணும். ஆட்டோ வந்து நிக்குது.