தலசீமியா பரிசோதனை: ஊசி குத்தியவருக்கு ஐந்து ஸ்டார், போன் செய்தவருக்கு ஒன்று

எனக்கு ஹீமோகுளோபின் பத்தரையைத் தாண்டியதே இல்லை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்பதாவது வாரத்தில் மகப்பேறு டாக்டரம்மா, ரத்த ரிப்போர்ட்டில் எல்லாரும் பார்க்கிற அந்த வரியை விட்டுவிட்டு எம்.சி.வி.யில், அதாவது சிவப்பணுவின் சராசரி அளவில், விரலை வைத்தார். 65. சிவப்பணு 5.4 மில்லியன். "வெறும் சத்துக் குறைவுன்னா அணுவோட எண்ணிக்கையும் குறைஞ்சிருக்கணும். உனக்கு அணு சின்னது, எண்ணிக்கை ஜாஸ்தி. 65-ஐ 5.4-ஆல வகுத்தா 13-க்குக் கீழ வருது பாரு. தலசீமியா மைனரான்னு பார்த்துடலாம். தலசீமியான்னா பரம்பரையா வர்ற ஹீமோகுளோபின் குறைபாடு." ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி.யும், உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் எழுதினார். கணவர் என் தாய்மாமன் மகன் என்றதும், "அவருக்கும் இன்னைக்கே குடுத்துடு" என்றார்.

திருப்பூரில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற லேப் ஒன்றில் பதிவு செய்தோம். வந்த பையன் கெட்டிக்காரன். நரம்பே அகப்படாத என் கையில் ஒரே குத்தில் எடுத்துவிட்டான். எச்.பி.எல்.சி.க்கு வெறும் வயிறு தேவையில்லை, ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் போதும். அதற்கு எங்களிடம் வாங்கியது ஆளுக்கு 850 ரூபாய். சொன்ன நேரத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிட்டது.

ஆனால் படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்று இல்லை: கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா? ஏற்றியிருந்தால் அடுத்தவர் ரத்தமும் கலந்து அளவு மாறிவிடுமாம். டாக்டரம்மா கேட்டதால் தெரிந்தது.

எனக்கு எச்பி ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 5.3 சதவீதம். மூன்றரைக்குள் இருக்க வேண்டியது. அடியில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி: பீட்டா தலசீமியா கேரியராக இருக்கலாம், குடும்பத்தாரையும் பரிசோதிக்கவும். கேரியர் என்றால் குறைபாட்டு மரபணு ஒன்றைச் சுமப்பவர், டாக்டரம்மா சொன்ன மைனர் இதுதான். விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. விற்க மட்டும் இருந்தார்! மறுநாளே போன். "மேடம், சொந்தத்துல கல்யாணம் பண்ணியிருக்கீங்க. நூத்துக்கணக்கான மரபணு நோய்க்கு ஒரே பேனல், 18,000 ரூபாய். இன்னைக்கே புக் பண்ணா டிஸ்கவுன்ட்." மரபணுவுக்கும் ஆடித் தள்ளுபடி போலிருக்கிறது. என் கணவருடைய ரிப்போர்ட்டும் அவர்களிடமே இருந்தது. அவருக்கு ஏ2 2.7, எம்.சி.வி. 88, எல்லாம் சரி. அதை அந்தப் பெண் திறந்துகூடப் பார்க்கவில்லை.

உருப்படியாகக் காசு கொடுத்தது கோவையில் பார்த்த மரபியல் ஆலோசகருக்குத்தான். ஆயிரம் ரூபாய். அவசரமே இல்லாமல் படம் போட்டு விளக்கினார். இந்தியாவில் நூற்றில் மூன்று நான்கு பேர் இப்படிக் கேரியர்கள், பலருக்கு அது தெரியவே தெரியாது. கணவன் மனைவி இருவருமே கேரியர் என்றால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு தலசீமியா மேஜர் என்ற கடுமையான வகை வர வாய்ப்பு. அப்போது இருவரின் பீட்டா குளோபின் மரபணுவைச் சோதித்து, 11 வாரத்துக்குப் பிறகு நச்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துக் குழந்தைக்கும் பார்ப்பார்கள். கணவருக்கும் அன்றே கொடுக்கச் சொன்னது இதனால்தான். எங்கள் குழந்தை என்னைப் போலக் கேரியராகப் பாதி வாய்ப்பு, அவ்வளவுதான்.

பேனல் பற்றியும் கேட்டேன். அதைக் குறை சொல்லவில்லை. சொந்தத்தில் முடித்தவர்களுக்குப் பயன்படலாம், ஆனால் அது வேறு நோய்களைப் பற்றிய கேள்வி, தலசீமியாவுக்குப் பதில் வந்துவிட்டது என்றார். இரண்டு பேர் குடும்பத்திலும் யாருக்கு என்ன நோய், சின்ன வயதில் தவறிய குழந்தைகள் உண்டா என்று எழுதி வரச் சொன்னார், பிறகு முடிவு செய்யலாமாம். போனில் வந்தவர் இதில் ஒன்றையும் கேட்கவில்லை.

"நம்ம வம்சத்துல அப்படி யாருக்கும் இல்லையே கண்ணு" என்றார் அத்தை. அம்மாவின் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன்: எம்.சி.வி. 67. அம்மா வழியில் வந்தது என்றால் மாமன்மார் வீட்டிலும் இருக்கலாம். என் தம்பிக்குப் பேசிக்கொண்டிருப்பது சின்ன மாமா பெண்ணை. தம்பி ரத்தம் கொடுத்தாயிற்று, ஏ2 5.1. பெண் வீட்டில் எப்படிக் கேட்பது என்று அம்மா தயங்கியதால் மாமாவுக்கு நானே போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கும் அதே பையன்தான் போகிறான். மறுநாள் லேபிலிருந்து போன் வந்தால் எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.