சின்ன விளக்கு எரிந்தால் போதாது: மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கார் கட்டி இழுப்பவர்களுக்கு எச்சரிக்கை

தெற்கு கலிபோர்னியாவில், மோட்டார்ஹோம் என்னும் வீட்டு வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஓர் ஆர்வி பட்டறை. மோட்டார்ஹோமுக்குப் பின்னால் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுபடும் ஒரு ஜீப் ராங்லருக்கு, வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் நிரந்தரத் துணை பிரேக் மாட்டிக் கொடுத்தார்கள். மோட்டார்ஹோம் பிரேக் பிடிக்கும்போது இழுபடும் காரின் பிரேக்கையும் பிடிக்க வைக்கும் கருவி இது. பில்லில் 'சோதித்துச் சரிபார்த்தது' என்று எழுதியிருந்தது. அவர்கள் சோதித்தது ஒன்றே ஒன்றுதான்: மோட்டார்ஹோம் பிரேக்கை மிதித்ததும் ஓட்டுநருக்கு முன்னால் சின்ன விளக்கு எரிகிறதா என்பது. பெடல் கொஞ்சம் அசைந்தாலே அது எரிந்துவிடும். பிரேக் பேட், சக்கரத்தோடு சுற்றும் ரோட்டர் தட்டைப் பிடிக்கிறதா, எவ்வளவு பிடிக்கிறது என்று அது சொல்லாது.

முதல் கோளாறு செக் வால்வு, அதாவது ஒருவழி வால்வு. இழுபடும் காரின் எஞ்சின் ஓடாது, அதனால் பூஸ்டரில் (மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பகுதி) மிஞ்சியிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்கே தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாகிவிடும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் துணை பிரேக்கின் பம்ப் தானே வேக்குவம் உண்டாக்கி, பூஸ்டர் குழாயில் வைத்த டி (T) வடிவ இணைப்பு வழியாக அனுப்புகிறது. டி-க்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒருவழி வால்வு இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பம்ப் இழுக்கும் வேக்குவம் எஞ்சின் பக்கம் கசிந்து வீணாகும். பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், பிரேக் பிடிக்காது. இந்த ஜீப்பில் வால்வையே மாட்டவில்லை. திருப்பி மாட்டினால் இன்னும் மோசம்: காரைத் தனியாக ஓட்டும்போது எஞ்சினால் பூஸ்டருக்கு உதவ முடியாது. பட்டறையிலிருந்து காரை எடுத்ததும் பெடல் வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தால் தெருவில் இறக்காதீர்கள்.

பெடலை இழுக்கும் கேபிளின் பிடிப்பை ஃபயர்வாலின் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள சுவர்) மெல்லிய தகட்டில் வெறும் ஸ்க்ரூவால் திருகியிருந்தார்கள். அழுத்தம் வந்தால் பெடலுக்குப் பதில் தகடுதான் வளையும். பின்பக்கம் தடித்த பட்டை வைத்து போல்ட் போட வேண்டும். கேபிளில் கொஞ்சம் தளர்வும் வேண்டும். விறைப்பாகக் கட்டினால் பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்தே இருக்கும், ரோட்டர் நீலம் பாயும்.

கார் கழன்றுவிட்டால், கம்பி இழுத்து பின் (ஊசி) பிடுங்கப்பட்டு, காரின் பிரேக்கைத் தானே பிடிக்க வைப்பது பிரேக்அவே சுவிட்ச். அதன் கம்பியை, காரை இழுக்கும் இணைப்புக் கம்பமான டோ பாரிலேயே கட்டியிருந்ததை மன்னிக்க முடியாது. டோ பார் மோட்டார்ஹோமிலிருந்து கழன்றால் அது காரோடேயே போகும், கம்பியும் கூடவே போகும், சுவிட்சின் பின் பிடுங்கப்படாது. பாதுகாப்பு கேபிளிலும் கட்டக் கூடாது. மோட்டார்ஹோமின் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். வளைவில் திரும்ப இடம் இருக்கட்டும், தரையில் உரசக் கூடாது.

மின்வேலையும் அப்படித்தான். பேட்டரியிலிருந்து வந்த கம்பிக்கு ஃபியூஸ் இல்லை. திருப்ப விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே சிவப்பு பல்பாக இருக்கும் கார்களில், இழுபடும்போது பெடல் அமுங்கினால் இரண்டு பக்கமும் விடாமல் எரியும், நீங்கள் போட்ட இண்டிகேட்டர் பின்னால் வருபவருக்குத் தெரியாது. கார் இழுபடும்போது மட்டும் ஸ்டாப் லைட் சுவிட்சைத் துண்டிக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இதற்காகவே விற்கிறது. பில்லில் அதற்குப் பணம் வாங்கியிருந்தார்கள், வண்டியில் அது இல்லை.

தரையில் வைத்துப் பெடலை அழுத்தும் பெட்டி வகை வாங்குபவர்களும் ஏமாறலாம். வேக்குவம் மிஞ்சியிருக்கும்போதே அழுத்தத்தை அமைத்துக் கொடுத்துவிடுவார்கள். எஞ்சினை அணைத்து, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதித்த பிறகே அமைக்க வேண்டும். ஹைபிரிட் கார்களில் எஞ்சின் ஓடாதபோதும் பூஸ்டர் உயிரோடு இருக்கலாம்; அங்கே இதே அழுத்தம் சக்கரத்தைப் பூட்டிவிடும். பெட்டியின் உணர்திறனைக் கூட்டி வைத்தால், ஐ-5 சாலையின் கிரேப்வைன் போன்ற 6 சதவீத இறக்கத்தில் மோட்டார்ஹோம் கியரில் மெதுவாக இறங்கும்போதே காரின் பிரேக் பிடித்துப் பிடித்துக் கருகும்.

பணம் கொடுக்குமுன் பட்டறையிலேயே செய்யச் சொல்லுங்கள்: பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சக்கரம் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். மோட்டார்ஹோம் பிரேக்கை மிதித்தால் அசையக் கூடாது, விட்டதும் மறுபடி சுற்ற வேண்டும். ஐந்தாறு முறை தொடர்ந்து மிதித்த பிறகும் இதே பிடி இருக்க வேண்டும். வால்வு இல்லாத குட்டு இங்கேதான் உடையும். அடுத்து பிரேக்அவே பின்னைப் பிடுங்கிப் பாருங்கள். உடனே திரும்பச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். கடைசியாக, பிரேக் அதிகம் தேவைப்படாத நெடுஞ்சாலையில் பத்து மைல் இழுத்துப் போய் நிறுத்தி, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் நான்கு சக்கரத்தையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தனித்துச் சுட்டாலும் வண்டி பட்டறைக்குத் திரும்ப வேண்டும்.

கலிபோர்னியாவில் கார் பழுதுபார்ப்பவர்கள் வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். செக் வால்வு, ரிலே, ஃபியூஸ், பிரேக்அவே சுவிட்ச் எல்லாவற்றையும் அதில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பில்லில் இருந்து வண்டியில் இல்லாத பொருளுக்குப் படம் எடுத்து, அந்த மதிப்பீட்டோடு மாநில வாகனப் பழுதுபார்ப்புத் துறையில் புகார் கொடுக்கலாம்.