விளாசோவா, அலெக்சேயெவா: பாரில் ஏற்றிய கணக்கு

ரஷ்யப் பளுதூக்கும் வீரர்களில் பெரியவர் யார் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் வசீலி அலெக்சேயெவ் என்பார்கள். 80 உலக சாதனைகள், 1970 முதல் 1977 வரை வரிசையாக எட்டு உலகப் பட்டங்கள், இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள். மிச்சமிருக்கும் இருவர் கொஞ்சம் இழுத்து, "யூரி விளாசோவ் இருக்கிறாரே" என்பார்கள். அவர் கணக்கில் ஒலிம்பிக் தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று. அது தவிர 1959, 1961, 1962, 1963 ஆண்டுகளில் உலகப் பட்டம். பதக்கத்தை எண்ணுவதோடு சரி என்றால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. பளுதூக்குதலில் பலம் எவ்வளவு முக்கியமோ, பாரில், அதாவது எடைத் தட்டுகள் மாட்டும் இரும்புத் தண்டில், எத்தனை கிலோ ஏற்றச் சொல்கிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம். இந்த இருவரும் எழுந்ததும் விழுந்ததும் அந்த ஓர் எண்ணால்தான். ஆகவே பதக்கப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, இவர்கள் கேட்ட எடைகளை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

விதி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வகைத் தூக்கலுக்கும் மூன்று முயற்சிகள். போட்டி நடக்க நடக்க பாரின் எடை ஏறும், ஏறியது இறங்காது. குறைவாகக் கேட்டால் எதிராளி தாண்டிப் போய்விடுவார். அதிகமாகக் கேட்டு மூன்று முறையும் தவறவிட்டால் அந்த வகையில் பூஜ்யம், போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். ரஷ்யர்கள் இந்தப் பூஜ்யத்தை 'பரான்கா' என்பார்கள். வளையம் போல இருக்கும் அவர்கள் ஊர் ரொட்டியின் பெயர் அது. இருவரின் மொத்தமும் சமமானால், அந்தக் காலத்தில் உடல் எடை குறைந்தவருக்கே வெற்றி. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டோக்கியோவுக்குப் போகும்போது தேவைப்படும்.

முதலில் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் எண்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் விளாசோவ் தூக்கிய மொத்தம் 537.5 கிலோ. 1972 மியூனிக்கில் அலெக்சேயெவ் தூக்கியது 640. வித்தியாசம் 102.5 கிலோ. பார்த்தவுடன் இனி என்ன ஒப்பீடு என்றுதான் தோன்றும். ஆனால் பிரித்துப் பாருங்கள். ரோமில் பிரஸ் 180, ஸ்நாட்ச் (பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 155, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்; சுருக்கமாக ஜெர்க்) 202.5. மியூனிக்கில் 235, 175, 230. அந்த 102.5 கிலோவில் 55 கிலோ பிரஸ்ஸில் மட்டுமே வந்தது.

பிரஸ் என்பது பாரைத் தோளுக்குக் கொண்டுவந்து, நிமிர்ந்து நின்றபடி கை பலத்தால் மட்டும் மேலே தள்ளுவது. எழுத்தில்தான் அப்படி. அறுபதுகளின் நடுவிலிருந்து வீரர்கள் இடுப்பை முன்னால் தள்ளி, முதுகை வில்லாக வளைத்து, ஏறக்குறைய படுத்துக்கொண்டு தள்ளினார்கள். எது சரி, எது தவறு என்று நடுவர்களாலேயே சொல்ல முடியவில்லை. மியூனிக்கோடு அந்த வகையையே போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனவே அந்த 55 கிலோவில் எவ்வளவு தோளின் பலம், எவ்வளவு நடுவரின் தாராளம் என்று இனி யாராலும் அளந்து சொல்ல முடியாது. மற்ற இரண்டு வகைகளில் வித்தியாசம் 47.5 கிலோ. அலெக்சேயெவின் உடம்பும் ஏறக்குறைய 30 கிலோ கூடுதல். நடுவில் 12 ஆண்டுகள் வேறு. ஸ்டீராய்டு சோதனை ஒலிம்பிக்குக்கு வந்ததே 1976இல்தான் என்பதால், அதற்கு முந்தைய எந்த எண்ணையும், யாருடையதாக இருந்தாலும், கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது நல்லது. இவ்வளவையும் கழித்த பிறகும் அலெக்சேயெவ் அதிக பலசாலிதான். ஆனால் 'ஒப்பீடே கிடையாது' என்பது மிகை.

ஆட்களாகப் பார்த்தால் இருவரும் இரண்டு துருவம். விளாசோவின் தந்தை சீனாவில் பணியாற்றிய ராஜதந்திரி. மகன் சுவோரோவ் ராணுவப் பள்ளியில் படித்து, ஜுகோவ்ஸ்கி விமானப்படைப் பொறியியல் அகாதமியில் பட்டம் பெற்றவர். மேடையிலும் மூக்குக் கண்ணாடியோடு நிற்பார். உலகின் மிகப் பலசாலி பார்ப்பதற்குக் கல்லூரி ஆசிரியர் போல இருக்கிறாரே என்று ரோமில் வியந்தார்கள். 1961இல் வியன்னாவில் அவரைப் பார்த்து மயங்கிய ஆஸ்திரியச் சிறுவர்களில் ஒருவன் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர். அலெக்சேயெவ் ரியாசான் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. மரம் வெட்டும் ஊர்களில் வளர்ந்து, ராஸ்தோவ் பகுதியின் ஷாக்தி என்ற நிலக்கரிச் சுரங்க நகரில் குடியேறியவர். அங்கே ருடால்ஃப் பிளியுக்ஃபெல்டர் என்ற பெரிய பயிற்சியாளரிடம் கொஞ்ச காலம் இருந்தார். ஒத்துவரவில்லை. 1968இலிருந்து தனக்குத் தானே பயிற்சியாளர். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டோக்கியோ ஒலிம்பிக், 1964. விளாசோவ் அதற்கு முந்தைய மாதம்தான் பதோல்ஸ்க் நகரில் 580 கிலோ தூக்கி உலக சாதனை படைத்திருந்தார். எதிராளி அதே சோவியத் அணியின் லியோனித் ஜபோத்தின்ஸ்கி, உக்ரைன்காரர், விளாசோவைவிட நன்றாகவே கனத்தவர். பிரஸ்ஸில் விளாசோவ் 197.5, உலக சாதனை. ஜபோத்தின்ஸ்கி 187.5. பத்து கிலோ முன்னிலை. ஸ்நாட்ச்சில் விளாசோவ் 162.5, ஜபோத்தின்ஸ்கி 167.5. முன்னிலை ஐந்தாகக் குறைந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைக்கும் புரியாத ஒரு காரியத்தைச் செய்தார் விளாசோவ். சாதனைக்காக மட்டும் அனுமதிக்கப்படும் நான்காவது முயற்சியைக் கேட்டு, 172.5 கிலோவைத் தூக்கினார். உலக சாதனை. போட்டிக் கணக்கில் சேராது. போட்டிக்குள் 162.5, வெளியே 172.5. கடைசியில் அவர் தோற்றது 2.5 கிலோவில்.

ஜெர்க்கில் விளாசோவ் 205, 210 என்று ஏறி மொத்தம் 570 ஆக்கினார். 200 தூக்கியிருந்த ஜபோத்தின்ஸ்கி 215 தூக்கினால் சமமாகும். ஆனால் சமமானால் எடை குறைந்த விளாசோவுக்கே தங்கம். ஆகவே 217.5 கேட்டார். பாரை இழுத்தார், பாதியில் விட்டுவிட்டார். படப்பதிவைப் பார்த்தால், முடியாது என்று கைகழுவியவரைப் போலத்தான் தெரிகிறது. விளாசோவ் நம்பினார். தானும் அதே 217.5 கேட்டு, தங்கத்தோடு சாதனையையும் சேர்த்துக் கொண்டுபோகப் பார்த்தார். தவறியது. மூன்றாவது முயற்சிக்கு வந்த ஜபோத்தின்ஸ்கி அந்த 217.5ஐ அனாயாசமாகத் தூக்கி நிறுத்தினார். 572.5. முதலில் தவறியது நடிப்பா, நிஜமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். பின்னாளில் ஜபோத்தின்ஸ்கியே அதைத் தன் தந்திரமென்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அன்றிரவு வெள்ளிப் பதக்கத்தை ஜன்னல் வழியே எறிந்ததாக விளாசோவ் எழுதியிருக்கிறார். எதிராளி ஏமாற்றிவிட்டான் என்ற கோபம் அது. எனக்கு அவர்மீது அனுதாபம் உண்டு, ஆனால் அவர் தரப்பு நியாயம் அவ்வளவாக ஏறவில்லை. போட்டி நடுவில் சாதனையின் பின்னால் ஓடியது அவர்தான்.

அலெக்சேயெவ் இதற்கு நேரெதிர். அவரிடம் சாதனை எல்லாம் கடைக்காரர் தராசு நிறுப்பது போல. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஜெர்க்கில் 255 கிலோ. 1977இல் 255.5. அதே ஆண்டு நவம்பரில் 256. மூன்று உலக சாதனைகள், ஏறியது ஒரு கிலோ. விதி அரை கிலோவுக்கு அனுமதித்தது, ஒவ்வொரு சாதனைக்கும் சோவியத் அரசு தனியாகப் பரிசுப் பணம் கொடுத்தது ஊரறிந்த ரகசியம். மொத்தமாக ஒரே நாளில் தூக்கிவிட அவருக்கென்ன பைத்தியமா? அதனால்தான் 80 என்ற எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விளாசோவையும் இதில் புனிதராக்க வேண்டாம். ஓய்விலிருந்து திரும்பி 1967 ஏப்ரலில் அவர் வைத்த கடைசி சாதனை, பிரஸ்ஸில் 199 கிலோ. குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்ட நேரம் அது, 850 ரூபிள் கிடைத்ததாம்.

அலெக்சேயெவை மதிப்பிட வேறு எண்கள் இருக்கின்றன. 1970 மார்ச்சில் மின்ஸ்க் நகரில் மூன்று வகையும் சேர்த்து 600 கிலோ, மனிதரில் முதல் முறை. அதே ஆண்டு அமெரிக்காவின் கொலம்பஸில் 227.5 கிலோ ஜெர்க், 500 பவுண்டைத் தாண்டிய முதல் ஆள். பனிப்போர்க் காலத்து அமெரிக்கக் கூட்டம் ஒரு ரஷ்யருக்காக எழுந்து நின்று கத்தியது. 1972இல் மொத்தம் 645. பிரஸ்ஸே ஒழிந்துவிட்டதால் அது யாராலும் முறியடிக்க முடியாமல் உறைந்துபோனது.

என்னைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த நாள் மான்ட்ரியல்தான். ஸ்நாட்ச்சில் 185. ஜெர்க்கில் முதல் முயற்சி 230, மொத்தம் 415. கிழக்கு ஜெர்மனியின் கெர்ட் பாங்க் 405இல் நின்றுவிட, தங்கம் கைக்கு வந்தது. உலக சாதனை அந்த பாங்க் பெயரில்தான் இருந்தது, 252.5. அலெக்சேயெவ் 230இலிருந்து ஒரே தாவலில் 255 ஏற்றச் சொன்னார். தூக்கினார். முதலில் தங்கம், பிறகு சாதனை. விளாசோவ் டோக்கியோவில் மாற்றிப்போட்ட வரிசை அது.

அப்படிப்பட்ட கணக்குப்பிள்ளையும் ஒரு நாள் தப்புக் கணக்குப் போட்டார். 1978இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் காயம்பட்டு உலகப் பட்டம் கைவிட்டுப் போனது. அதன்பிறகு இரண்டு ஆண்டுகளாகப் போட்டி மேடைக்கே வரவில்லை. 38 வயதில், 1980இல், சொந்த மண்ணான மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு வந்து ஸ்நாட்ச்சில் தொடக்கமே 180 கிலோ கேட்டார். மான்ட்ரியலில் தன் உச்சத்தில் தூக்கியதைவிட ஐந்து கிலோதான் குறைவு. முதல் முறை தவறியது. ஏறிய எடை இறங்காது. இரண்டாவது, மூன்றாவதும் போயின. பரான்கா. கூட்டம் சீட்டியடித்து அனுப்பியது. சக வீரர் சுல்தான் ரஹ்மானவ் 440 கிலோவோடு தங்கம் வென்றார், மான்ட்ரியலில் அலெக்சேயெவ் தூக்கிய அதே மொத்தம். பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் இருந்திருந்தால், "170இல் ஆரம்பிப்பா" என்று சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். பன்னிரண்டு வருடமாக அப்படிச் சொல்ல அவர் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.

மேடைக்குப் பிறகான வாழ்க்கையில் போட்டியே இல்லை, விளாசோவ்தான். எழுத்தாளரானார். முதுகெலும்பு அறுவை சிகிச்சைகளிலிருந்து மீண்டு, எண்பதுகளின் நடுவில் சோவியத் பளுதூக்கும் சம்மேளனத்தின் தலைவராகி, தன் விளையாட்டின் ஊக்கமாத்திரைப் பழக்கத்தையே வெளிப்படையாகச் சாடினார். 1989இல் மக்கள் பிரதிநிதிகள் மாமன்றத்தில் நின்று சோவியத் உளவு அமைப்பான கேஜிபியை எதிர்த்துப் பேசினார். அந்த நாட்டில், அந்த ஆண்டில், அதற்கு 217.5 கிலோவைவிடப் பெரிய நெஞ்சு வேண்டும். 1996இல் அதிபர் தேர்தலில் நின்று ஒரு சதவீத ஓட்டுகூட வாங்கவில்லை, அது வேறு கதை. அலெக்சேயெவ் பயிற்சியாளரானார், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அவர் பொறுப்பிலிருந்த, முன்னாள் சோவியத் நாடுகளின் ஒருங்கிணைந்த அணி பளுதூக்குதலில் ஐந்து தங்கம் வென்றது. யாரிடமும் பயிற்சி பெற மறுத்தவர், மற்றவர்களுக்கு எத்தனை கிலோவில் தொடங்குவதென்று சொல்லிக்கொடுத்தார்.

அலெக்சேயெவ் 2011இல் மியூனிக் மருத்துவமனையில் இறந்தார், அவர் முதல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அதே ஊர். விளாசோவ் 2021 வரை இருந்தார்.

ஒரே ஓர் இரவுப் போட்டிக்கு ஒருவரை அனுப்பச் சொன்னால், நான் 1976இன் அலெக்சேயெவை அனுப்புவேன். 1964இன் விளாசோவை அனுப்புவதானால் ஒரு நிபந்தனை: எத்தனை கிலோ ஏற்ற வேண்டும் என்று நடுவர் மேசைக்குப் போய்ச் சொல்லும் வேலை அவருடையதாக இருக்கக் கூடாது.