றெஜைனாவில் ரயில் இல்லை: பிரேரிப் பயணத்துக்குக் காசு கட்டுமுன் ஒரு எச்சரிக்கை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு மாதம் இழுத்தடித்தேன். ஏமாந்த கதையை நானே ஊருக்குச் சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில், எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, என்னை ஏமாற்றிய அதே ஆளிடம், மேற்குக் கனடாவின் பிரேரிப் புல்வெளியைப் பார்க்கும் அதே பயணத்துக்கு முற்பணம் கட்டப்போவதாகச் சொன்னது. கைத்தொலைபேசியில் அவர்கள் காட்டிய திட்டத்தில் ஐந்தாம் நாளுக்கு நேரே "ரயில்: றெஜைனா – கல்கரி" என்று அப்படியே இருந்தது. எங்களுக்கு அனுப்பியதில் இருந்த எழுத்துப்பிழைகளைக் கூட அவர் திருத்தவில்லை.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். றெஜைனாவிலிருந்து கல்கரிக்குப் பயணிகள் ரயில் கிடையாது. 1990 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு ரிக்கெட் என்று யாராவது காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

அப்பா ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவர். பிரேரி, பம்பாஸ், ஸ்டெப்பி, வெல்ட் என்று உலகத்துப் புல்வெளிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் பிள்ளைகளைப் பாடமாக்க வைத்தவர், அவற்றில் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. போன வருடம் அம்மாவோடு இங்கே வந்தபோது நயாகராவுக்குக் கூட்டிப் போனோம். பார்த்தார், "நல்லாத்தான் இருக்கு" என்றார். காருக்குத் திரும்பும் வழியில், "தம்பி, இஞ்சையிருந்து பிரேரி எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

ரொறன்ரோவிலிருந்து வின்னிபெக்குக்கே காரில் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல். அதில் பெரும்பகுதி சுப்பீரியர் ஏரிக்கரையின் பாறையும் காடும். வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த வழியில் போக முடியாது. வின்னிபெக்குக்கு விமானத்தில் போய், அங்கிருந்து வாடகை வான் வண்டியில் மேற்கே போவது என்று முடிவெடுத்தேன். அதுவரை என் கணக்குச் சரி.

மிச்சத்தை இன்னொருவர் தலையில் கட்டியதுதான் பிழை. ஆள் வீட்டிலிருந்தே சுற்றுலா ஒழுங்கு செய்கிறவர். மொன்றியலுக்குப் பஸ் விட்டு நல்ல பெயர் எடுத்தவர் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். பெயர் இங்கே போடவில்லை. தொலைபேசியில் தேன் ஒழுகக் கதைத்தார்.

"அண்ணை, ஏழு நாள். வான், ஹோட்டல், தேசியப் பூங்காவுக்குள்ளயே கட்டில் மெத்தையோட கூடார வீடு. பிறகு றெஜைனாவில வானை விட்டிட்டு ரயில். ஐயா யன்னலோரம் இருந்து பிரேரியைப் பார்த்துக்கொண்டே கல்கரியில இறங்கலாம்."

எனக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்தது. அப்பாவிடம் கேட்டேன். "ஓம் ஓம், சீபிஆர், கனேடியன் பசிபிக் ரயில் பாதை. வின்னிபெக், றெஜைனா, மூஸ் ஜோ, மெடிசின் ஹற், கல்கரி. 1885இல கட்டி முடிச்சது" என்றார். ஒரு பெயர் பிழைக்கவில்லை. தண்டவாளமும் இன்றைக்கு வரை அந்த வழியேதான் போகிறது, சரக்கு ரயில் ஓடுகிறது. ஆட்களை ஏற்றுவதில்லை என்பது மட்டும் அப்பாவின் பாடப்புத்தகத்தில் இல்லை. ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் போகும், வியா என்ற பயணிகள் ரயில் கம்பனியின் ரயில் வின்னிபெக்குக்கு அப்புறம் வடமேற்கே ஏறி, சஸ்கற்றூன், எட்மன்ரன் வழியாகப் போய்விடும். நான் அந்த ரயிலின் கண்ணாடிக் கூரைப் பெட்டியின் படத்தைப் பார்த்தேன். எங்கெங்கே நிற்கும் என்று பார்க்கவில்லை.

ஆறு பேருக்கு 5,200 டொலர், விமானச் செலவு வேறு. அதில் ரயிலுக்கு மட்டும் 1,260. கார்டில் கட்டவா என்று கேட்டேன். "மூன்று வீதம் கூட வரும் அண்ணை, ஈ-ட்ரான்ஸ்ஃபர் போட்டுவிடுங்கோ" என்றார், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரே இணையத்தில் அனுப்புவது. 156 டொலர் மிச்சம் என்று நானும் சந்தோஷமாக இரண்டு தவணையில் அனுப்பினேன்.

வின்னிபெக்கில் வான் உண்மையிலேயே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் "எவ்வளவும் ஓடலாம்" என்று அவர் சொன்ன வானுக்கு நாளொன்றுக்கு 200 கிலோமீற்றர்தான் இலவசம், மேலே ஓடுவதற்குத் தனிக் காசு. வின்னிபெக்கிலிருந்து றெஜைனா மட்டுமே ஏறக்குறைய 575. கவுன்ரரில் இருந்த பிள்ளை கணினியைத் திருப்பிக் காட்டினாள். பெரிய எழுத்திலேயே இருந்தது. அந்தப் பதிவுத் தாளை எங்கள் ஆள் எங்களுக்கு அனுப்பவேயில்லை. தானே தட்டச்சு செய்த திட்டத்தைத்தான் அனுப்பியிருந்தார். அப்போதே விழித்திருக்க வேண்டும். கூடப்போனால் கொஞ்சக் காசு, அப்பாவின் முகத்தைப் பார் என்று மனைவி சொன்னாள்.

அந்த முதல் நாள் ஓட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஜூலை மாதம், கனோலா பூத்து இரண்டு பக்கமும் மஞ்சள். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தா: "உது கடுகுச் சாதியெல்லே?" ஆம், கடுகுக் குடும்பம்தான். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரயில் பாதையோரத்து மரத் தானியக் கோபுரங்களைத் தேடினார். 1930களில் பிரேரி மாகாணங்களில் அவை ஐயாயிரத்துக்கு மேல் நின்றன. இப்போது பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். றெஜைனா வந்து சேரும்வரை ஒன்பது எண்ணினார்.

றெஜைனா மோட்டலில் எங்கள் பெயரில் அறை இருந்தது, காசு கட்டப்படவில்லை. வந்து கட்டுங்கள், வராவிட்டால் தானாக ரத்தாகும் என்ற வகைப் பதிவு. எங்களிடம் காசு வாங்கி, எங்களையே திரும்பக் கட்ட வைத்திருக்கிறார். தொலைபேசி எடுத்தேன். "சிஸ்ரம் பிழை அண்ணை, நாளைக்கே போட்டுவிடுறன்." நம்பினேன்.

அடுத்தது கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. பிரேரியைப் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் நாம் பார்ப்பது கோதுமையும் கனோலாவும். உழாத பழைய புல்வெளி கனடாவில் கொஞ்சம்தான் எஞ்சியிருக்கிறது, அதைக் காக்கவே சஸ்காச்சுவானின் தெற்கு எல்லையில் இந்தப் பூங்கா. அது ஒரே துண்டாக இல்லை. மேற்குப் பகுதி வால் மேரி என்ற சிற்றூர்ப் பக்கம். 2005 கடைசியில் எல்க் தீவுப் பூங்காவிலிருந்து 71 காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டது அங்கேதான். கறுப்பு வால் பிரேரி நாய், பெயர்தான் நாய், அணில் குடும்பம், வளை தோண்டி வாழ்வது, கனடாவில் அது இயற்கையாக வாழும் ஒரே இடமும் அந்தப் பக்கம்தான். கிழக்குப் பகுதி வேறொரு அழகு. மழை அரித்த மண்மலைகள், 1874இல் ஜோர்ஜ் மெர்சர் டோசன் டைனோசர் எலும்பு கண்டெடுத்த நிலம். இரண்டுக்கும் நடுவே காரில் சுமார் இரண்டு மணி நேரம்.

எங்கள் திட்டத்தில் காட்டெருமையும் பிரேரி நாயும் எழுதியிருந்தது. கொடுத்த முகவரியோ கிழக்குப் பகுதி.

தார் றோட்டு முடிந்து கிறவல் றோட்டில் தூசி கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். தொலைபேசியில் சிக்னல் செத்து அரை மணி நேரம். எங்கள் இலக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஒரு கட்டையில் இலக்கம், ஒரு மர மேசை, அதற்குப் பக்கத்தில் வெட்டிய புல். அவ்வளவுதான். அம்மா வானிலிருந்து இறங்கி, கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு சுற்றிப் பார்த்தா. "வீடு எங்கை?"

கட்டில் மெத்தை போட்ட கூடார வீடுகள் பூங்காவில் இருக்கின்றன, பொய் இல்லை. கொஞ்சம் தள்ளி அவை தெரிந்தன, முன்னால் வேறு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் போட்டிருந்தது கூடாரம் கொண்டுபோய் அடிக்கிற வெறும் இடம். அதற்கு இரண்டு இரவுக்கு எங்களிடம் 640 டொலர் வாங்கியிருந்தார். பூங்கா ஊழியப் பெண் பாவம், வரைபடத்தை விரித்து வைத்து எல்லாம் சொன்னா. காட்டெருமை அந்தப் பக்கம், இங்கே வெற்றிடம் இல்லை, இரவுக்கு மழை வரப்போகிறது, இந்த மண் நனைந்தால் களியாகிச் சில்லைப் பிடித்துக்கொள்ளும், இருட்டுமுன் வெளிக்கிடுங்கள் என்றா. அசினிபோயாவுக்குத் திரும்பி ஓடி, கிடைத்த இரண்டு அறையை எடுத்தோம்.

வானில் அப்பா பின்னால் இருந்து காலுறையில் ஏறியிருந்த ஊசிப்புல் விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாதுதான். ஒட்டிக்கொண்டு வந்ததற்கு என்ன செய்ய?

மறுநாள் முழுக்க மழை. ஐந்தாம் நாள் றெஜைனாவுக்குத் திரும்பினோம். ரயில் நிலையத்தின் முகவரி திட்டத்தில் இருந்தது. அழகான பழைய கல் கட்டடம். மனைவியையும் பிள்ளைகளையும் வானில் விட்டு, அப்பாவும் நானும் கோப்போடு உள்ளே போனோம். ஒரு வரிசை இயந்திரம் மினுங்கிக்கொண்டு மணியடித்தது. அப்பா அவற்றை ரிக்கெட் மெஷின் என்றே நினைத்தார். வாசலில் நின்ற காவலாளி எங்கள் தாளை வாங்கி வாசித்தார், திரும்பவும் வாசித்தார். சிரிக்கவில்லை, அது அவருடைய பெரிய மனது. பழைய யூனியன் ஸ்டேஷன் 1990களிலிருந்து சூதாட்ட விடுதி.

வெளியே வந்து கட்டடத்துக்குப் பின்னால் நின்றோம். நல்ல நேரமா கெட்ட நேரமா தெரியாது, சரக்கு ரயில் ஒன்று போனது. முடிவேயில்லாமல் போனது. அப்பா நூற்றுப்பத்து வரை எண்ணிவிட்டு நிறுத்தினார்.

அன்றைக்குப் பஸ்ஸும் பார்த்தேன். கிரேஹவுண்ட் 2018 அக்டோபரோடு மேற்கு மாகாணங்களை விட்டுப் போய்விட்டது. அதற்கு முந்திய வருடமே சஸ்காச்சுவான் அரசு தன் பஸ் கம்பனியை மூடிவிட்டது. சின்னக் கம்பனிகள் ஓடுகின்றன, ஆறு பேருக்கு ஒன்றாக இடம் கிடைக்கவில்லை. வானையே நீடித்து, வேறு ஊரில் விடுவதற்கான கட்டணமும் கட்டி, கல்கரிக்கு 760 கிலோமீற்றரும் நானே ஓடினேன். ஸ்விஃப்ட் கரண்டில் நாலாம் இலக்க நெடுஞ்சாலை தெற்கே பிரிகிறது. வால் மேரிக்கு அந்த வழி. அப்பா அந்தப் பலகையைப் பார்த்தார், எனக்கும் தெரிந்தது. விமானம் இருந்தது, நிற்கவில்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஒன்ராறியோவில் பயணச் சேவை விற்பவர் டீக்கோ எனப்படும் மாகாணப் பயணத்துறைக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணை அவர்களுடைய இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. எங்கள் ஆளின் பெயர் அங்கே இல்லை. பதிந்த முகவர் கடையை மூடி ஓடினால் இழப்பீட்டு நிதி உண்டு, பதியாதவரிடம் வாங்கியதற்கு அது கிடையாது. கடனட்டை என்றால் வங்கியிடம் முறையிட்டு இருக்கலாம். ஈ-ட்ரான்ஸ்ஃபர் ஒருவர் கணக்கில் விழுந்துவிட்டால் திருப்புவது மிகக் கடினம் என்று வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். இதுவரை வந்தது 400 டொலர். கடைசிச் செய்தி: "அடுத்தமுறை டிஸ்கவுண்ட் போட்டுத் தாறன் அண்ணை." அதற்குப் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

யாரிடம் ஒழுங்கு செய்தாலும் அவர் தட்டச்சு செய்த தாளை நம்பாதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் உங்கள் பெயரில் உள்ள பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, நீங்களே அந்த மோட்டலுக்கும் வாடகைக் கம்பனிக்கும் அழைத்துக் கேளுங்கள். பூங்காவுக்குள் தங்குமிடத்தைத் தேசியப் பூங்காக்களை நடத்தும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவில் நேரே பதியலாம், நடுவில் ஆள் தேவையேயில்லை. எந்தப் பகுதி என்று பாருங்கள்.

அப்பா ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் இரவு அந்தத் திட்டத் தாளைக் கேட்டு வாங்கினார். மகளின் பென்சில் பெட்டியிலிருந்து சிவப்புப் பேனை எடுத்தார். ரயிலுக்கு ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் 1990. கிழக்குப் பகுதிக்கு வட்டம், அம்புக்குறி போட்டு "மேற்கு". வின்னிபெக் – றெஜைனா "4 மணி" என்பதை வெட்டி 6. கீழே மொத்தப் புள்ளி போட்டுக் கையெழுத்தும் வைத்தார், நூற்றுக்கு 11. டீக்கோவுக்கு அனுப்பிய முறைப்பாட்டோடு அந்தத் தாளைத்தான் இணைத்திருக்கிறேன்.