பிளாஸ்டிக் ஆயில்: லிட்டர் விலையைப் பார்த்து வாங்காதீர்கள்

அலுமினியம் உருக்கும் எங்கள் பட்டறையில், உலையில் எரிக்கும் கெட்டியான பர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக, பிளாஸ்டிக் கழிவைக் காற்றுப் படாமல் சூடாக்கி எடுக்கும் பைராலிசிஸ் ஆயிலை ஓட்டிப் பார்த்தோம். விற்றவர் பெயர் வேண்டாம், சரக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லிட்டருக்கு 8 ரூபாய் குறைவு என்றார். கிலோவுக்கு இரண்டிலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான், 10,000 கிலோகலோரி பக்கம். ஆனால் பர்னஸ் ஆயில் லிட்டர் 950 கிராம் நிற்கும். இது 800 கிராம்தான். நான் வாங்கிக்கொண்டிருந்த பர்னஸ் ஆயில் லிட்டர் 50 ரூபாய். அதே வெப்பத்துக்கு இது 42 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் கட்டுபடியாகும். அந்த 8 ரூபாய் லாபம் அங்கேயே போச்சு.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மாதிரி ஓடுகிறது, பர்னருக்கு அனுப்பும் முன் சூடாக்கத் தேவையில்லை. ஹீட்டர் கரண்ட் மிச்சம். உலை சீக்கிரம் சூடேறுகிறது.

அடுத்த லோடில்தான் வினை. சுடர் விட்டு விட்டு எரிந்தது. எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றினால் துளை முழுக்கப் பழுப்பு மெழுகு. ஊசியால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. நெடியும் மூக்கைக் குத்தியது. பிளாஸ்டிக் கழிவில் பைப், வயர் உறை போன்ற பிவிசி கலந்திருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும், குழாய் அரிக்கும். பாலித்தீன் கவர், பிபி (பாலிபுரொப்பிலீன்) டப்பா மட்டும் என்றால் நல்ல எண்ணெய் வரும். குப்பை இலவசம், தரம் பிரிக்கும் கூலி இலவசமா? பிளாஸ்டிக்கை டீசலாக்க டேராடூனில் 2019-இல் தொடங்கிய ஆலையில் ஒரு டன் பிளாஸ்டிக்குக்கு 800 லிட்டர் டீசல் என்றார்கள். அதுவும் பிரித்துக் கழுவிய பிளாஸ்டிக்குக்குத்தான்.

நிலக்கரியில் எண்ணெய் எடுப்பதும் இப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் சாசோல் நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஓட்டுகிறது என்றால், அதன் செகுண்டா ஆலைக்குப் பக்கத்திலேயே சொந்தச் சுரங்கம் இருக்கிறது. கச்சாப்பொருள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். நம் குப்பை லாரி அப்படியா?

இன்னொன்று, பாதுகாப்பு. பர்னஸ் ஆயிலின் தீப்பற்று நிலை, அதாவது தீப்பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பம், 66 டிகிரிக்கு மேல். பிளாஸ்டிக் ஆயிலில் பெட்ரோல் போன்ற லேசான பகுதியும் இருப்பதால் சாதாரண வெயிலிலேயே ஆவி கிளம்பும். டேங்க் பக்கத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். வாங்குவதானால் எடைக்கு விலை பேசுங்கள், ஒவ்வொரு லோடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்து, அடியில் தண்ணீரோ மெழுகோ படிகிறதா என்று பார்த்துவிட்டு டேங்கில் இறக்குங்கள்.