அன்றாடம் இடுப்பில் வைத்துக்கொள்ள ஒரு சிறு கைத்துப்பாக்கி: சிக் சாவர் பி365

டெக்சஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர், உரிமம் பெறாமலேயே கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். அச்சட்டம் வந்த பிறகு, இங்கு குடியுரிமையோ பச்சை அட்டையோ பெற்றுவிட்ட தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் துப்பாக்கி வாங்குவது குறித்து ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய அனைவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இருப்பதிலேயே சிறியது எது?" இக்கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. இடுப்பில் இருப்பது தெரியாத அளவுக்குச் சிறியதாக இருப்பது ஒரு வசதி. கையில் பிடித்து அமைதியாகப் பல முறை சுட முடிவது வேறொரு வசதி. முதல் வசதியை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிடுவதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பயிற்சி இல்லாதவரிடம் இருக்கும் துப்பாக்கி, அவருக்கும் அருகில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

சிறியதைக் கேட்பவருக்குக் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது ரூகர் நிறுவனத்தின் எல்சிபி. 2008-இல் வெளிவந்த இது .380 ஏசிபி என்ற சிறு வகைத் தோட்டாவைச் சுடுவது. மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில்) 6, குழலில் 1 என 7 தோட்டாக்கள் கொள்ளும். தோட்டா இல்லாத நிலையில் எடை 270 கிராம் அளவுதான், தடிப்பு 21 மில்லிமீட்டர். கால்சட்டைப் பையில், அதற்கென்று செய்த உறையில் வைத்தால் வெளியே தெரிவதில்லை. ஆனால் இயற்பியலை எந்த நிறுவனமும் ஏமாற்ற முடியாது. ஒரே தோட்டாவை இரண்டு துப்பாக்கிகளில் சுடும்போது, பாதி எடையுள்ள துப்பாக்கி இரு மடங்கு வேகத்தில் பின்னோக்கிப் பாயும். அது கையில் இறக்கும் ஆற்றலும் இரு மடங்காகும். அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும் பிடியோ மெல்லியது, சுண்டுவிரலுக்கு அதில் இடமே இல்லை. ஐம்பது தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டியைச் சுட்டு முடிப்பதற்குள் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு மனம் விசையை (டிரிகரை) அழுத்துவதற்கு முன்பே அதிர்ச்சிக்குத் தயாராகி, கை கீழ்நோக்கிச் சாய்கிறது, குறி தவறுகிறது. எல்சிபி கெட்ட துப்பாக்கி அன்று. அனுபவமுள்ளவருக்கு, பெரிய துப்பாக்கியை வைத்துக்கொள்ள இயலாத நாள்களில், அது நன்கு பயன்படும். முதல் துப்பாக்கியாக அதை வாங்குவதைத்தான் நான் ஏற்கவில்லை.

".380 மென்மையான தோட்டா, 9 மில்லிமீட்டர் கடுமையானது" என்று கடையில் சொல்லப்படுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தோட்டாவின் ஆற்றலை மட்டும் ஒப்பிட்டால் அது உண்மை. கையில் உணரப்படும் பின்னுதைப்பை முடிவு செய்வதில் துப்பாக்கியின் உள் அமைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. 1931-இல் ஜெர்மனியில் வெளிவந்த வால்தர் பிபிகே இதற்கு நல்ல சான்று. அதில் ஸ்லைடும் (சுடும்போது பின்னால் நகரும் மேற்பகுதி) குழலும் ஒன்றோடொன்று பூட்டப்படுவதில்லை. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் இறுக்கமும் மட்டுமே வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. ஆகவே வில் கடினமாக இருக்க வேண்டியிருக்கிறது, ஸ்லைடைப் பின்னிழுப்பது சிரமமாகிறது, அதிர்ச்சியும் கூர்மையாக உள்ளங்கையில் இறங்குகிறது. மாறாக, குழலும் ஸ்லைடும் பூட்டிய நிலையில் சற்றுத் தூரம் சேர்ந்து நகர்ந்து, அழுத்தம் தணிந்த பிறகு குழல் சாய்ந்து விடுபடும் அமைப்பில், அதே அதிர்ச்சி சிறிது நேரத்துக்குப் பரவிவிடுகிறது. இந்த அமைப்புள்ள இன்றைய 9 மில்லிமீட்டர் துப்பாக்கி, அதைவிடக் கனமான .380 பிபிகேயைக் காட்டிலும் என் கைக்கு இதமாகவே இருக்கிறது.

இப்போது நான் பரிந்துரைக்கும் துப்பாக்கிக்கு வருகிறேன். சிக் சாவர் நிறுவனம் 2018 ஜனவரியில் பி365-ஐ அறிமுகப்படுத்தியபோது, மறைத்து எடுத்துச் செல்லும் 9 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒற்றை வரிசை மேகசின் கொண்டவை. 2012-இல் வந்த ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஷீல்டின் மேகசினில் 7 அல்லது 8 தோட்டாக்கள்; 2015-இல் வந்த கிளாக் 43-இல் 6. பி365-இன் மேகசினில் தோட்டாக்கள் கீழே இரு வரிசையாக நெருக்கமாக மாறி மாறி அடுக்கப்பட்டு, மேலே வரும்போது ஒரே வரிசையாகக் குறுகுகின்றன. இதனால் ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்பும் 147 மில்லிமீட்டர் நீளமும் 109 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட உடலுக்குள் 10 தோட்டாக்கள் அடங்குகின்றன; குழலில் ஒன்று தனி. காலி மேகசினோடு எடை சுமார் 505 கிராம். 12, 15 தோட்டாக்களுக்கான நீண்ட மேகசின்களும் கிடைக்கின்றன. ஆனால் கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் பத்துக்கு மேற்பட்டவை சட்டவிரோதம். அடுத்த சில ஆண்டுகளில் பிற நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தன: 2019-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், 2021-இல் ஷீல்டு பிளஸ், அதே ஆண்டில் ரூகரின் எல்சிபி மேக்ஸ்.

தோட்டாக்களின் எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அதன் பிடி. மேகசின் சற்றே அகலமாக இருப்பதால் பிடியும் உள்ளங்கையை நிறைக்கிறது. மெல்லிய பிடி கொண்ட துப்பாக்கிகளில் ஏற்படுவது போல ஒவ்வொரு முறையும் கையில் சுழன்று நழுவுவதில்லை. விசைக் காப்பின் (விசையைச் சுற்றியுள்ள வளையத்தின்) கீழ்ப்பகுதி மேலெழுந்து வெட்டப்பட்டிருப்பதால் கை உயரத்தில் அமர்ந்து, குழலின் அச்சுக்கு நெருக்கமாக வருகிறது, துள்ளல் குறைகிறது. விசை சீரானது, திடீரென்று விடுபடுவதில்லை. ஏழு கஜத் தொலைவில், அவசரப்படாமல் சுட்டால், புதியவர்கூட ஒரு சிறு தட்டின் அளவுக்குள் தோட்டாக்களைப் பதிக்க முடியும். முதலில் வந்த பி365-இல் பொருத்தப்பட்டிருந்த இரவுக் குறிப்புள்ளிகள் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவால் ஒளிர்பவை. இருட்டில் தெளிவாகத் தெரியும். டிரிட்டியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகள் என்பதால், பழைய துப்பாக்கியைக் கை மாற்றி வாங்குபவர்கள் அதன் ஒளி எவ்வளவு மீந்திருக்கிறது என்று இருட்டில் பார்த்து வாங்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. தட்டையான அடித்தட்டு கொண்ட மேகசினைப் பொருத்தினால், நடுத்தரக் கை உள்ளவருக்கும் சுண்டுவிரல் வெளியே தொங்குகிறது. விரல் தாங்கி நீண்ட அடித்தட்டைப் போட்டால் அது சரியாகிவிடும், ஆனால் உயரம் சற்றுக் கூடும். கிளாக் 19 போன்ற நடுத்தர அளவுத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இதன் துள்ளல் அதிகம்தான். நீண்ட நேரப் பயிற்சிக்குப் பிறகு கை அதை உணரும். அடிப்படை வகையில் கையால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. பூட்டு உள்ள வகை தனியாக விற்கப்படுகிறது. மூன்று அங்குலக் குழலிலிருந்து வெளிவரும் தோட்டாவின் வேகம் குறைவாக இருக்கும் என்பதால், தற்காப்புத் தோட்டாக்களை வாங்கும்போது குறுங்குழல் துப்பாக்கிகளுக்கென்றே செய்யப்பட்டவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எதை வாங்கினாலும், அதே தோட்டாக்களில் சில மேகசின்களைச் சுடுதளத்தில் சுட்டு, தடங்கலில்லாமல் ஏறி இறங்குகின்றனவா என்று உறுதி செய்த பிறகே இடுப்பில் வைக்க வேண்டும்.

இக்குறைகளில் முதலாவதற்கு இத்துப்பாக்கியின் கட்டமைப்பிலேயே விடை இருக்கிறது. சட்டப்படி துப்பாக்கி எனக் கருதப்படும், வரிசை எண் பொறித்த பகுதி, உள்ளே இருக்கும் விசைத் தொகுதி மட்டுமே. வெளியே உள்ள பிடி வெறும் பாலிமர் கூடு. அதைத் தனியே வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். நீண்ட பிடியும் குறுகிய ஸ்லைடும் சேர்ந்த பி365எக்ஸ், 3.7 அங்குலக் குழல் கொண்ட பி365எக்ஸ்எல், 17 தோட்டாக்கள் கொள்ளும் எக்ஸ்மேக்ரோ எல்லாம் இந்த ஒரே குடும்பம்தான். எனக்கு மிகப் பிடித்தது எக்ஸ்எல். குழல் நீளமாக இருப்பதால் அதை மறைப்பது கடினம் என்று பலர் எண்ணுகிறார்கள். குழல் கால்சட்டைக்குள் கீழ்நோக்கி இறங்கிவிடுகிறது. சட்டைக்கு மேல் புடைத்துக் காட்டிக்கொடுப்பது பிடியின் நுனி. ஆகவே பிடியின் நீளத்தில்தான் கஞ்சத்தனம் வேண்டும், குழலின் நீளத்தில் அன்று. மெலிந்த உடலும் இறுக்கமான சட்டையும் உள்ளவருக்கு எக்ஸ்எல்லின் பிடி தெரியக்கூடும். அவருக்கு அடிப்படை பி365 பொருந்தும்.

மாற்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹெல்கேட் ஏறக்குறைய அதே அளவில் 11 தோட்டாக்கள் கொள்கிறது. பிடியின் சொரசொரப்பு சட்டையில்லாத தோலில் உரசும், துள்ளலும் சற்றுக் கூடுதலாக எனக்குப்படுகிறது. ஷீல்டு பிளஸ்ஸின் விசை மிக நல்லது. பெரிய கைகளுக்கு நான் அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன். கிளாக் 43எக்ஸ் நம்பகமானது, உயரமானது.

கைவலு குறைந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் பெரும் தடை பின்னுதைப்பைவிட ஸ்லைடைப் பின்னிழுப்பதே. இவர்களுக்கும், பெண்கள் என்பதாலேயே பல பெண்களுக்கும், "ஐந்து தோட்டாச் சுழல் துப்பாக்கிதான் (ரிவால்வர்) சுலபம்" என்று சொல்லி, ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 642 போன்ற ஒன்றைக் கையில் கொடுப்பது இங்கு நெடுநாள் வழக்கம். அது நல்ல அறிவுரை அன்று. எடை குறைந்த அலுமினிய உடல், கடினமான நீண்ட விசை, குறுகிய குறிப்புள்ளிகள் ஆகிய மூன்றும் சேர்ந்த அந்தத் துப்பாக்கி, நெடுநாள் பழகியவர்களுக்கே சவாலானது. இத்தகையவர்களுக்கு 2018-இல் வந்த .380 ஷீல்டு ஈஇசட் மிகப் பொருத்தம். அதன் ஸ்லைடு இரண்டு விரல்களின் வலுவிலேயே பின்னால் வரும். அது சற்றுப் பெரியதாகத் தோன்றினால், பி365-இன் .380 வகை அதைவிடச் சிறியது, அடிப்படை பி365-ஐவிட மென்மையானது.

எத்தனை நல்ல துப்பாக்கியானாலும், உறை தரமற்றதாக இருந்தால் வசதியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. மெல்லிய துணியுறைகள் மலிவானவை, தொட்டுப் பார்க்க மெத்தென்று இருப்பவை. ஆனால் துப்பாக்கியை உருவியதும் வாய் மூடிக்கொள்கின்றன, வெளியிலிருந்து அழுத்தினால் விசை நகரக்கூடும். பாதுகாப்புப் பூட்டு இல்லாத துப்பாக்கிக்கு விசைக் காப்பு முழுவதையும் மூடும் கைடெக்ஸ் (கடினமான பிளாஸ்டிக்) போன்றவற்றால் ஆன கெட்டியான உறை கட்டாயம். முன்புறத்தில் வைப்பவர்கள், பிடியை உடலோடு திருப்பி அழுத்தும் சிறு நீட்டிப்பும், அடியில் ஒரு திண்டும் உள்ள உறையை வாங்கினால், உட்காரும்போது வயிற்றில் குத்துவது பெருமளவு குறையும். அரைக் கிலோ எடையைத் தாங்குவது சாதாரண பெல்ட்டுக்கு இயலாது. வளையாத, உள்ளே வலுவூட்டப்பட்ட பெல்ட்டை வாங்கிய பிறகு, துப்பாக்கி கனக்கிறது என்ற புகாரே பலரிடம் மறைந்துவிடுகிறது. துப்பாக்கிக்கு ஐந்நூறு அறுநூறு டாலர் கொடுப்பவர், உறைக்கும் பெல்ட்டுக்கும் சேர்த்து நூற்றைம்பது டாலரை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

கைப்பையில் வைத்துக்கொள்வதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. சல்வாரும் புடவையும் உடுத்துபவர்களுக்கு இடுப்பு உறை பொருந்தாது என்பது உண்மை; அதற்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும், விசையை மூடும் கெட்டித் தகடு உள்ள பட்டைகள் இருக்கின்றன. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், தள்ளுவண்டியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட, தாய் உயிரிழந்தார். வீட்டில் குழந்தைகள் இருந்தால், உடலில் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் துப்பாக்கி பூட்டிய பெட்டகத்தில் இருக்க வேண்டும். டெக்சஸில் 17 வயதுக்குக் குறைந்த ஒருவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றமும் ஆகும்.

தமிழர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள் போன்ற சிலருக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம், தவறினால் சிறைத் தண்டனையோடு நாடுகடத்தலும் நேரலாம். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. டெக்சஸில் உரிமம் கட்டாயமில்லை என்றாலும், அதற்கான வகுப்பில் சேர்ந்து உரிமம் பெறுவதே நல்லது: வேறு பல மாநிலங்கள் அதை ஏற்கின்றன, சட்டமும் ஒழுங்காகத் தெரிந்துவிடும். நியூயார்க், நியூஜெர்சி, கலிபோர்னியா ஆகியவை அதை ஏற்பதில்லை. அங்கே உறவினர் வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கி இங்கேயே பெட்டகத்தில் இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன், வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளம் ஒன்றுக்குப் போங்கள். பி365, எக்ஸ்எல், ஷீல்டு பிளஸ் மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டித் தோட்டாவை அவசரமில்லாமல் சுட்டுப் பாருங்கள். முதல் மேகசினின் முடிவை நம்ப வேண்டாம். கை களைத்த பிறகு கடைசி மேகசினில் எந்தத் துப்பாக்கியின் தோட்டாக்கள் நெருக்கமாக விழுகின்றன என்பதைப் பாருங்கள். மூன்றிலும் குறி சிதறினால், அன்று எதையும் வாங்காமல் அங்குள்ள பயிற்சியாளரிடம் ஒரு வகுப்புக்குப் பதிந்துவிட்டுத் திரும்புங்கள்.